பதினாலு அடி

காரியம் முடிந்து மூன்றாம் நாள்தான் போக முடிந்தது.
வேலூர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தபோது
ஒரு தடவை போன் வந்தது.
ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.
எந்த ஞாயிறு என்று அவனும் கேட்கவில்லை.

காட்பாடியில் இறங்கி பஸ் பிடித்து
லத்தேரி, கே.வி.குப்பம் என்று
கண்டக்டர் கூவக் கூவ
எனக்குள் வேறொரு பட்டியல் ஓடியது:
கோவர்த்தனன், சபாபதி, சம்பங்கி, சையத் பாஷா.

சபாபதி நான்.
எனக்கும் அவனுக்கும் நடுவில்
ஏழாம் வகுப்பு வாத்தியார் மூச்சு விட்டதே இல்லை.
சபாபதிசம்பங்கி.
புதிதாக வந்த டீச்சர் ஒரே ஆள் என்று நினைத்து
என் 'உள்ளேன் அம்மா'வோடு
எங்கள் இரண்டு பேரையும் முடித்துவிட்டாள்.
அன்றைக்கு முழுக்க அவன் ஆப்சென்ட்,
என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு.

குடியாத்தம். பகல் ஒரு மணி வெயில்.
வாசலில் அவன் ஆட்டோ,
அதன் மேல் காயப்போட்ட போர்வை.
அவன் மனைவி என்னைப் பார்த்து அழவில்லை.
உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்:
"ஏ யாமினி, காந்தம் மாமா வந்துகீறாரு பாரு."

காந்தம்.
லாடம் மாதிரி வளைந்து, சிவப்புப் பெயின்ட் அடித்து.
அறிவியல் அலமாரியிலிருந்து எடுத்தது நான்.
யாராவது வந்தால் வெளியே நின்று இருமுவது அவன் வேலை.
யாரும் வரவில்லை. சும்மாவே இருமினான், பயத்தில்.
லேத் பட்டறை வாசல் மண்ணில் இழுத்துப்போனோம்.
காந்தத்துக்கு இரும்புத்தூள் மீசை முளைத்தது.
"வாத்தியாருதுடா" என்று சிரித்தான்.

மறுநாள் 'யார்?' என்றபோது
என் கை என்னைக் கேட்காமல் நீண்டது.
பக்கத்தில்தானே இருந்தான்,
அதிக தூரம் நீட்ட வேண்டியிருக்கவில்லை.

புங்க மிளாறு.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்,
யாரோ எண்ணச் சொன்ன மாதிரி.
பதினாலு.
என் பெயரைச் சொல்லியிருந்தால்
ஏழு ஏழாகப் பிரிந்திருக்கும்.
சொல்லவில்லை.
சாயங்காலம் பாலத்திலிருந்து காந்தத்தை வீசினேன்.
ஆற்றில் தண்ணீர் இல்லை.
மணலில் குத்திட்டு நின்றது, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி.
இறங்கிப் போய்ப் புதைத்துவிட்டு வந்தேன்.

பெரிய பெண் சேரைத் துடைத்துப் போட்டாள்.
டீ வந்தது.
"நைனா எப்பவும் சொல்லும் மாமா.
திருட்டுப் பழில அது மாட்டிக்கினு நின்னப்போ
நீங்க எழுந்து நான்தான் சார்ன்னீங்களாம்.
பதினாலு அடியும் நீங்களே வாங்கிக்கினீங்களாம்.
சிநேகிதம்னா அப்படிப் புடிங்கடின்னு சொல்லும்."

பதினாலு.
எண்ணிக்கை சரியாக இருந்தது.
ஆள்தான் மாறிப்போயிருந்தான்.

எப்போது மாற்றினான்?
சொல்லிச் சொல்லி அவனே நம்பிவிட்டானா?
பிள்ளைகளிடம் சொல்ல ஒரு நல்ல சிநேகிதன் வேண்டியிருந்து
கைவசம் இருந்தவனை வைத்துச் சமாளித்தானா?
போட்டோவைப் பார்த்தேன்.
ரேஷன் கார்டுக்கு எடுத்ததைப் பெரிதாக்கியிருக்கிறார்கள்.
அதில் ஒன்றும் தெரியவில்லை.

"இல்லம்மா" என்று ஆரம்பித்தேன்.
"அப்படி இல்ல, நான்..."

அவள் சிரித்துவிட்டாள்,
வீட்டில் சாவு விழுந்த பிறகு
முதல் சிரிப்பாக இருக்கலாம்.
"அதையும் சொல்லிக்கீது நைனா.
கேட்டா இல்லேன்னுதான் சொல்வான், நம்பாதீங்கன்னு."

டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.
ஆடையோடு குடித்தேன்.

சின்னவள் தூணைப் பிடித்தபடி
இவ்வளவு நேரம் என்னையே பார்த்திருந்தவள்
கிட்டே வந்தாள்.
"எந்தக் கையில மாமா அடிச்சாரு?"

வலது கையை நீட்டினேன்.
அன்றைக்கு நீண்டதும் அதுதான்.
இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தாள்,
திருப்பிப் பார்த்தாள்.
"ஒண்ணுமே தெரியலியே" என்றாள்.